படத்தில் இல்லாத கூரை

துருக்கி மலையூர் ஒன்றைப் பற்றி நான் எழுதிய பயணக் கட்டுரையில் பொய் என்று ஒரு வரியைக் காட்ட முடியாது. வெட்டியெறிந்தவைதான் அதிகம்.

கருங்கடல் பக்கம், ரிஸே மாகாணத்தில், காச்கர் மலைகளுக்கு இடையே இருக்கிறது சாம்லிஹெம்ஷின். சின்ன ஊர். ஓயாத மழை, மூடுபனி. கோடையில் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேலே புல்வெளிகளுக்குப் போய் மரவீடுகளில் தங்குவார்கள். அந்த வாழ்க்கையைத் தேடித்தான் போனேன். சோளமாவையும் வெண்ணெயையும் பாலாடைக்கட்டியையும் கிளறிய முஹ்லாமா கிடைத்தது. இடை சிறுத்த கண்ணாடிக் குவளையில் தேநீரும் கிடைத்தது. கூடவே தகரக் கூரை, டிஷ் ஆன்டெனா, பிளாஸ்டிக் நாற்காலி. இவற்றைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.

தங்கிய வீட்டு அம்மா ரப்பர் பூட்ஸோடு தொழுவத்திலிருந்து வந்தார். படத்துக்காக அதைக் கழற்றிவிட்டுப் பூவேலை செய்த கம்பளிக் காலுறை போட்டுக்கொள்ளச் சொன்னேன். மகன்தான் மொழிபெயர்த்தார். அந்த அம்மா சிரித்தபடி போட்டுக்கொண்டார். வெளிச்சம் போதவில்லை என்று ஈரத் தரையில் மறுபடியும் நிற்க வைத்தேன். என் அம்மாவை எவனாவது அப்படி நிறுத்தியிருந்தால் கேமராவைப் பிடுங்கியிருப்பேன்.

அங்கே சரிவுகளில் நிற்கும் பழைய மாளிகைகளை, காலம் தொடாத மரபு என்று உருகி எழுதினேன். அந்தப் பக்கத்து ஹெம்ஷின் மக்களில் ஆண்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே ரஷ்ய நகரங்களுக்குப் போய், ரொட்டிக்கடைகளில் அடுப்படியில் வெந்து சம்பாதித்த காசில் கட்டியவை அவை. 1917 புரட்சிக்குப் பிறகு பலர் திரும்பி வந்து துருக்கி நகரங்களில் பேக்கரி வைத்தார்கள். அந்தக் காலத்தில் அந்த மாளிகைகள் வெளியூர்ப் பணத்தில் எழும்பிய பகட்டு வீடுகள். இதெல்லாம் என் குறிப்பேட்டில் இருந்தது. கட்டுரையின் அழகு கெடும் என்று விட்டுவிட்டேன்.

மலைப் புல்வெளிகளை இணைக்கச் சுமார் 2,600 கிலோமீட்டருக்குத் திட்டமிட்ட 'பசுமைச் சாலை'யை, 2015இல் சாமிஸ்தால் மேய்ச்சல் நிலத்தில் ஊர்க்காரர்களே மறித்தார்கள். அவர்களுக்காகக் காரசாரமாக எழுதினேன். மேலே ஏறும்போது மினிபஸ் குலுங்கியதும், இங்கே ரோடே போட மாட்டார்களா என்று சிடுசிடுத்தவனும் நான்தான்.

காலுறையோடு அந்த அம்மா நிற்கும் படத்தின் மேல் விளிம்பில் தெரிந்த தகரக் கூரையை இதழ்க்காரர்கள் வெட்டவில்லை. நானே வெட்டித்தான் அனுப்பினேன். இதழ் வந்ததும் ஒரு பிரதி அனுப்புவதாக அந்த அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அனுப்பவில்லை. தொழுவத்து ஈரத்தில் வெறும் காலுறையோடு நிற்பவரைப் பார்த்தால், அந்த ஊரில் மாடு வைத்திருக்கிற யாருக்கும் சிரிப்பு வந்துவிடும்.