எழுபது வளைவும் ஒரு 'கிளீனரும்'

நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் அந்த அப்பாவுக்குப் போன பங்குனியில் ஒரு நாய்க்குட்டி கிடைத்தது. ரிப்பேருக்கு வந்த லாரியின் ஸ்டெப்னி டயருக்குள் சுருண்டு கிடந்தது. எந்த ஊரில் ஏறியதென்று டிரைவருக்கே தெரியவில்லை. செம்பழுப்பு நிறம், வால் நுனியில் மட்டும் ஒரு சொட்டு வெள்ளை. லாரியோடு வந்ததால் பட்டறைப் பையன்கள் வைத்த பெயர், 'கிளீனர்'.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டார். "ஸ்கூல் திறக்கிற வரைக்கும்தான். அப்புறம் சேந்தமங்கலம் தோட்டத்துல விட்டுடணும்." தோட்டம் பெரியப்பாவுடையது.

அம்மா கல்நெஞ்சுக்காரர் இல்லை. நான்கு வருடம் முன்பு அந்த வீட்டில் 'மணி' என்று ஒரு குட்டி இருந்தது. தெருவில் எடுத்த நாய்க்கு ஊசி எதற்கு என்று விட்டுவிட்டார்கள். திங்கள்கிழமை வாந்தி, செவ்வாய்க்கிழமை ரத்தபேதி, வியாழன் விடிவதற்குள் போய்விட்டது. பார்வோ வைரஸ். கடைசி ராத்திரி முழுக்க அதை மடியில் போட்டுக்கொண்டு ஸ்பூனால் தண்ணீர் ஊட்டியவர் அம்மாதான்.

அதனால்தானோ என்னவோ, வேண்டாம் என்று சொன்னவரே மறுநாள் காலையில் கிளீனரைக் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார். பார்வோவுக்கு ஒரே ஊசி போதாது. 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3, 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச்சக்தி குட்டியின் உடம்பில் மிச்சமிருந்தால் ஊசி வேலை செய்யாது. அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். கிளீனருக்குக் கடைசி ஊசி பாக்கி இருந்தது.

இதற்கிடையே எட்டாவது படிக்கும் மகள் போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டாள். கனடாவில் அல்கோன்குவின் என்று ஒரு காடு. ஏரி மாற்றி ஏரியாக ஒரு குடும்பம் ஒல்லியான கனூ படகில் போகிறது. முன்னால் கம்பீரமாக ஒரு நாய், அதற்கும் ஆரஞ்சு கலரில் லைஃப் ஜாக்கெட். "நாமளும் போலாம்ப்பா!"

கனடாவுக்கு வழியில்லை. கொல்லிமலை வாசலூர்பட்டியில் படகு இல்லம் இருக்கிறது. போகும் வழியில்தான் சேந்தமங்கலமும் இருக்கிறது. திரும்பி வரும்போது அங்கே என்ன நடக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குத் தெரியும். மகள் இரண்டு காலி வாட்டர் பாட்டிலைத் துப்பட்டாவில் கட்டிக் குட்டிக்கு லைஃப் ஜாக்கெட் செய்தாள். அம்மா போட்ட ஒரே சட்டம்: ஊசி முடியாத குட்டி, மற்ற நாய்கள் திரியும் இடத்தில் கீழே இறங்கக் கூடாது, மடியில்தான் இருக்க வேண்டும்.

காரவள்ளி தாண்டினால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. பத்து வரை பிள்ளைகள் கத்திக் கத்தி எண்ணினார்கள். பதினைந்தில் குட்டிக்கு எச்சில் ஒழுக ஆரம்பித்தது. இருபத்து மூன்றில் வாந்தி எடுத்தது.

"என்னங்க, வண்டிய நிறுத்துங்க!"

அந்தக் குரலில் வண்டி தானாக நின்ற மாதிரி இருந்தது. அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. குட்டியின் உதட்டைத் தூக்கி ஈறு வெளுத்திருக்கிறதா என்று பார்த்தார். மூக்கைத் தொட்டார், அடிவயிற்றைத் தடவினார். மதில்மேல் உட்கார்ந்திருந்த குரங்குகள்கூட இடத்தை விட்டு நகரவில்லை. அப்பாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இந்த மாதிரி நேரத்தில் ஆண்கள் செய்வதைப்போல டயரைப் போய்ப் பார்த்தார்.

அப்போதுதான் மகன் மெதுவாக, "அம்மா... காலைல ரெண்டு இட்லி குடுத்தேன்" என்றான். "சட்னியோடயா?" "...சாம்பார்."

விஷயம் அவ்வளவுதான். உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் உட்காது குட்டிகளுக்கு முழுதாக வளர்ந்திருக்காது. வளைந்து வளைந்து ஏறும்போது தலை சுற்றும். புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிட வேண்டும். அரை மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். கிளீனர் தண்ணீர் குடித்துவிட்டு அம்மாவின் செருப்பு வாரைக் கடித்தது. மீதி வளைவுகளை அம்மா முன் சீட்டில், ஜன்னலைத் திறந்துவைத்து, குட்டியை மடியில் இறுக்கிக்கொண்டே ஏறினார். எண்ண யாருக்கும் தோன்றவில்லை.

ஆகாய கங்கைக்குப் போகவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். குட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஏற முடியாது. சோளக்காட்டுச் சந்தையில் மிளகும் மலைவாழையும் வாங்கிக்கொண்டு நேராக வாசலூர்பட்டிக்குப் போனார்கள்.

ஏரி சின்னதுதான். அல்கோன்குவினில் ஒரு மூலைக்குக் காணாது. அப்பாவும் பிள்ளைகளும் படகில் ஏறினார்கள். அம்மா குட்டியோடு கரையில். பாட்டில் ஜாக்கெட் வயிற்றுப் பக்கம் சரிந்து குட்டியையே கவிழ்த்துவிடும் என்று அவிழ்த்து வைத்துவிட்டார். படகு நகர்ந்ததும் கிளீனர் ஊளையிட்டது. அடுத்த நொடி கையிலிருந்து துள்ளித் தண்ணீரில் பாய்ந்தது. நாலு முழம் நீந்தியிருக்கும். பிறகு தலை முங்கியது.

மகள் அலறுவதற்குள் அம்மா முழங்கால் தண்ணீரில் நின்றார். புடவை, செருப்பு, மடியில் இருந்த மிளகுப் பொட்டலம் எல்லாம் நனைந்துவிட்டன. கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கிய குட்டியை முந்தானையில் சுற்றிக்கொண்டு திட்டத் தொடங்கியவர், படகு கரைக்கு வந்து சேர்ந்த பிறகும் நிறுத்தவில்லை. திட்டு முழுக்க நாய்க்குத்தான். நடுவில் இரண்டு தடவை 'மணி' என்று பெயர் மாறிப்போனது. யாரும் திருத்தவில்லை.

இருட்டும் நேரத்தில் சேந்தமங்கலம் வந்தது. பெரியப்பா தென்னை மரத்தில் புதுச் சங்கிலி கட்டித் தயாராக வைத்திருந்தார். பிள்ளைகள் வண்டியை விட்டு இறங்கவில்லை.

அம்மா இறங்கினார். குட்டி இன்னும் முந்தானைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, ஊசி ஒண்ணு பாக்கியிருக்குதுங்க. வியாழக்கிழமை போடணும். தண்ணியில வேற நனைஞ்சிருக்குது. இன்னொரு நாள் கொண்டாந்து விடறோமுங்க."

"எப்பம்மா?"

"பாப்போமுங்க" என்றவர், சங்கிலி ரொம்பக் கனமாக இருக்கிறதே, இந்தக் கழுத்து தாங்குமா என்று கேட்டார். பெரியப்பா சிரித்துக்கொண்டே அதை அவிழ்த்துப் பின் சீட்டில், பலாப்பழத்துக்குப் பக்கத்தில் போட்டார்.