இல்லத்தின் எழில்

அரபு மொழியில் வீட்டிற்குப் ‘பைத்’ என்று பெயர். கவிதையின் ஓர் அடிக்கும் அதே பெயர்தான். அவ்வடி இரு பாதிகளாக அமையும். ஒவ்வொரு பாதியையும் ‘மிஸ்ராஃ’ என்பர். இரட்டைக் கதவில் ஒரு கதவுக்கும் அரபியர் இட்டு வழங்கும் பெயர் அதுவே. ஒரு கதவை மட்டும் திறந்தால் வீட்டின் உட்புறம் பாதிதான் தெரியும். ஒரு பாதியை மட்டும் ஓதினால் கவிதையும் குறையாகவே நிற்கும். மத்ரஸாவில் யாப்பு படித்த நாளில் இதனை ஒரு சொல்நயம் என்றே எண்ணிக் கடந்துவிட்டேன். இதன் பொருளை எனக்கு உணர்த்தியவை, எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் இருக்கும் இரண்டு ஆணிகள். உணர்வதற்கு முப்பத்து மூன்று ஆண்டுகள் பிடித்தன.

எங்கள் இல்லம் தாமிரபரணியை அடுத்த மேலப்பாளையத்தில் இருக்கிறது. தெருவெங்கும் தறியோசை கேட்ட காலத்தில் என் பாட்டனார் கட்டியது. அவர் நெய்த குழித்தறி இருந்த பள்ளத்தை மண்ணிட்டு மூடி, இன்று அவ்விடத்தில் என் கிதாபு அலமாரியை வைத்திருக்கிறேன். விலையுயர்ந்த பொருள் என்று அவ்வீட்டில் எதுவும் இருந்ததில்லை. ஆயினும் வந்தவர்கள் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டே அமர்வார்கள். அந்த எழில் முழுவதும் என் உம்மாவின் கைகளில் இருந்தது.

உம்மா பருவம் அறிந்து வீட்டை மாற்றியமைப்பார்கள். பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் பரணிலிருந்து பத்தமடைப் பாய்கள் இறங்கும். ஆற்றுநீரில் ஊறிய கோரையைக் கிழித்துப் பருத்தி நூற்பாவில் நெய்யும் அந்தப் பாய், கோடையிலும் உடம்புக்குக் குளிர்ச்சி தரும். கூடத்து மூலையில் ஆற்றுமணல் பரப்பி, அதன்மேல் மண்பானை அமரும். பானையில் வெட்டிவேர் மிதக்கும். ஆனிச் சாரல் வந்ததும் முற்றத்துத் தாழ்வாரத்தில் கிடந்த கட்டில் உள்ளே வரும். ஐப்பசி மழைக்கு முன்பே பாய்கள் மறுபடியும் பரண் ஏறிவிடும். ஈரம் பட்டால் கோரை பூஞ்சை பிடிக்கும் அல்லவா? அவற்றின் இடத்தில் ஜமுக்காளம் விரியும். ஓடு ஒழுகும் இடங்களில் பித்தளைச் சட்டிகளை வைப்பார்கள். சிறியதில் ஓர் ஒலி, பெரியதில் வேறோர் ஒலி. இரவெல்லாம் அதைக் கேட்டபடி நாங்கள் உறங்குவோம். மார்கழிப் பனியில் மஃக்ரிபு வேளையில் சாம்பிராணிப் புகை அறைதோறும் சென்று திரும்பும். இவற்றையெல்லாம் ‘அலங்காரம்’ என்று உம்மா ஒருநாளும் சொன்னதில்லை. “எடுத்து வைக்கிறேன்” என்பதே அவர்கள் சொல்.

முஸ்லிம் வீட்டிற்கு வேறொரு பருவமும் உண்டு. அது பிறையோடு வருவது. சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. ஆதலால் ரமலான் ஒரே பருவத்தில் தங்குவதில்லை. கோடை, சாரல், அடைமழை, பனி எல்லாவற்றையும் கடந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வருகிறது. மழைக்கால ரமலானில் பள்ளிவாசல் கஞ்சிக்குப் போகும் தூக்குவாளிக்கு மூடி தேடுவோம். கோடை ரமலானில் சஹனைச் சுற்றி விசிறிகள் வைப்போம். பருவம் எதுவாயினும் மாறாத பொருள் ஒன்று எங்கள் கூடத்தில் இருந்தது. அது ஒரு துணி. பாட்டனார் தம் தறியில் நெய்ததில், என் வாப்பும்மா பச்சை நூலால் கொடியும் வெள்ளை நூலால் மல்லிகை மொட்டுமாகப் பூவேலை செய்தது. ஷஅபான் கடைசியில் உம்மா அதைக் கூடத்துச் சுவரின் இரண்டு ஆணிகளில் கட்டித் தொங்கவிடுவார்கள். பெருநாள் கழிந்ததும் அவிழ்த்து வைப்பார்கள். அந்தத் துணி சுவரேறினால்தான் எங்களுக்கு நோன்பு வந்ததாகப் பொருள்.

1991ஆம் ஆண்டு ரமலான் மார்ச் மாத நடுவில் வந்தது. அதற்கு முந்திய ஷஅபானில்தான் ஸனது பெற்று, தலைப்பாகையோடு ஊர் திரும்பியிருந்தேன். வயது இருபத்தொன்று. கற்றதைக் காட்டுவதற்கு இடம் தேடும் வயது அது. எனக்கு முதலில் கிடைத்த இடம் என் உம்மாவே.

ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு செய்தி உண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தினின்று திரும்பியபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலில் ஒரு விரிப்பைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அதைக் கண்ட நபிகளாரின் முகத்தில் வெறுப்பு தெரிந்தது. அதனை இழுத்துக் கிழித்துவிட்டு, கல்லுக்கும் மண்ணுக்கும் ஆடை அணிவிக்குமாறு இறைவன் நமக்குக் கட்டளையிடவில்லை என்னும் கருத்துப்படச் சொன்னார்கள். இதை நான் அரபியில் ஓதி, தமிழில் விளக்கி, சுவரிலிருந்த துணியைச் சுட்டிக் காட்டினேன்.

உம்மா சற்று நேரம் என் முகத்தையே பார்த்தார்கள். “நீ ஓதிப் படிச்ச புள்ள. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார்கள். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, முடிச்சுகளைத் தாமே அவிழ்த்தார்கள். நான் பிடிக்கப் போனபோது, “நீ விடு வாப்பா, நான் மடிச்சுக்கிடுறேன்” என்றார்கள். அவ்வளவுதான். பிறகு எத்தனையோ ரமலான்கள் வந்தன. அந்தத் துணியைப் பற்றி ஒரு சொல்லும் எங்களிடையே எழவில்லை. ஓர் ஆணியில் நாட்காட்டி தொங்கியது. மற்றதில் உம்மாவின் தஸ்பீஹ்.

2021இல் உம்மா மறைந்தார்கள். அவர்களுடைய தேக்குப் பெட்டியைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. 2024இல் ரமலான் மீண்டும் மார்ச் மாதத்திற்கே வந்து சேர்ந்தது. பாய் இறங்கும் காலமும் நோன்பு வரும் காலமும் முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஒன்றாயின. என் மகள் கடையிலிருந்து காகிதப் பிறைகளும் சிறு விளக்குச் சரமும் வாங்கி வந்தாள். அவற்றைச் சுவரில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது நம்ம வீடு மாதிரி இல்லையே வாப்பா. வாப்பும்மா பெட்டியத் திறக்கட்டுமா?” என்று கேட்டாள். மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

பெட்டியின் அடியில், வெள்ளை மல் துணியில் சுற்றியபடி அது இருந்தது. இடையிடையே வசம்புத் துண்டுகள். வசம்பின் மணம் நெடுங்காலம் நிற்காது. ஆனால் அன்றும் அது மணந்தது. ஒரே மடிப்பில் பல்லாண்டு கிடந்தால் துணி அம்மடிப்பிலேயே இற்றுப்போகும். இதிலோ ஒரு மடிப்பும் இற்றிருக்கவில்லை. ஆண்டுதோறும் உம்மா அதை வெளியில் எடுத்து, உதறி, வேறு மடிப்பாக மடித்து, புது வசம்பு இட்டு வைத்திருக்கிறார்கள். நானும் அதே வீட்டில்தான் இருந்தேன். ஒரு தடவைகூட என் கண்ணில் படாமல் அதைச் செய்திருக்கிறார்கள்.

“அந்த ரெண்டு ஆணியும் இதுக்குத்தானா?” என்றாள் மகள். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்தவள், “கிழிச்ச பிறகு அந்தத் துணிய ஆயிஷா நாயகி என்ன செஞ்சாங்க வாப்பா?” என்று வினவினாள்.

ஆசிரியனாகிய எனக்கு விடை தெரியும். அதே செய்தியின் அடுத்த வரியிலேயே அது இருக்கிறது. அன்னையவர்கள் அந்தத் துணியை வெட்டி, ஈச்சநார் அடைத்து, இரண்டு தலையணைகள் செய்தார்கள். நபிகளார் அதைக் குறை சொல்லவில்லை. இமாம் நவவீ (இறப்பு ஹிஜ்ரி 676) அவர்கள் தம் விரிவுரையில், அந்தச் சொல் சுவருக்குத் துணியிடுவதைக் கடமையோ விரும்பத்தக்கதோ அல்ல என்று காட்டுகிறதேயன்றி, அது ஹராம் என்பதற்குச் சான்றாகாது என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். இதை மகளிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் குரல் தடைப்பட்டது. இந்த மறுபாதியை என் உம்மாவிடம் நான் சொன்னதே இல்லை. முப்பது ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் இருந்தும் சொல்லவில்லை. ஒரு கதவை மட்டும் திறந்துகாட்டி, இதுதான் வீடு என்று அவர்களை நம்பவைத்துவிட்டேன்.

மகள் துணியை வெட்டவில்லை. இரண்டு பெரிய தலையணைகளைச் சேர்த்து வைத்து, பூவேலை மேலே தெரியுமாறு அதைப் போர்த்தி, ஓரங்களைத் தளர்வாகத் தைத்தாள். வேண்டும்போது பிரித்துத் துவைக்கலாம். அவ்வாண்டு நோன்பு திறக்க வந்த பக்கத்து வீட்டு மூதாட்டி அதில் சாய்ந்தபடி கஞ்சி குடித்தார். சட்டென்று மொட்டுகளைத் தடவிப் பார்த்து, “இது உங்க வாப்பும்மா தையல்லா?” என்றார். வாப்பும்மாவை என் மகள் பார்த்ததே இல்லை. அன்று அரைமணி நேரம் அவரைப் பற்றியே பேச்சாயிற்று.

வாசக அன்பர்களே, உங்கள் இல்லங்களிலும் திறவாப் பெட்டிகள் இருக்கும். பழம்பித்தளை என்று எடைக்குப் போடுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். உள்ளே இருப்பதைக் கண்ணாடியிட்டுக் காட்சிக்கு வைக்கவும் வேண்டாம். வெயிலுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, பிறைக்கு ஒன்று என்று கையில் எடுத்துப் புழங்குங்கள். வீட்டிலே மூத்தவர் இருந்தால், அவரைக் கேட்டுக்கொண்டே எடுங்கள். எனக்கு அந்த வாய்ப்பு இருந்தது. அப்போது நான் பேசிக்கொண்டிருந்தேன்.

கூடத்திற்குச் சென்ற மாதம் வெள்ளையடித்தோம். ஆணிகளைப் பிடுங்கிவிடலாமா என்று வெள்ளையடிப்பவர் கேட்டார். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.