மண் சரிவதற்கு முந்தைய செய்தி

கொழும்பு செய்தி டெஸ்க்கிலிருந்து யார் அழைத்தாலும் முதல் கேள்வி, "விஷுவல் இருக்கா?" என்பதுதான். மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஹட்டனில் இருந்துகொண்டு தொலைக்காட்சிக்குச் செய்தி அனுப்பும் எங்களைப் போன்றவர்களில் பெரும்பாலானோருக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஒளிபரப்பான செய்திக்குத்தான் காசு. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் தீப்பிடித்தால், கொழுந்து பறிக்கும் பெண்களைக் குளவி கொட்டினால், வட்டவளைப் பக்கம் பஸ் புரண்டால் அன்றைக்கு வருமானம் உண்டு. ஒன்றும் நடக்காத நாளில் மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றிய பெட்ரோல் கைக்காசு.

நான் தொடங்கிய காலத்தில் கெமராவில் பதிந்த கசெட்டைக் கொழும்பு பஸ் சாரதியிடம் கொடுத்தனுப்புவோம். பஸ் பிந்தினால் எட்டு மணிச் செய்திக்கு எங்கள் மலை இல்லை. இப்போது கையடக்கத் தொலைபேசி போதும். ஆனாலும் மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பள்ளங்களில் சிக்னல் கிடைக்காமல் மேட்டுக்கு ஏறி நின்று அனுப்புகிற வேலை மாறவில்லை.

இந்தக் கூலி முறை நமக்கே தெரியாமல் கண்ணைப் பழக்கிவிடும். விழுந்ததை மட்டும் பார்க்கும் கண்ணாக அது ஆகிவிடும். அதிலிருந்து என்னை வெளியே இழுத்தது மீரியபெத்த.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டம் கொஸ்லாந்தையில் மீரியபெத்த தோட்டத்து லயங்களை மலை வந்து மூடியது. செய்தி கேட்டு ஹட்டனிலிருந்தும் ஓடினோம். லயம் இருந்த அடையாளமே இல்லை. சேறு, சேற்றுக்கு மேலே இராணுவத்தினர், ஓரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த உறவுகள். உலகத் தொலைக்காட்சிகள் எல்லாம் அங்கே வந்து நின்றன. அப்போதுதான் அந்தத் தகவல் வெளியே வந்தது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது.

ஒன்பது வருடம். அத்தனை வருடமும் அந்த எச்சரிக்கைதான் செய்தி. படம்பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். ஒரு கடிதம், ஒரு கோப்பு, வழமைபோல வேலைக்குப் போய்வந்த மனிதர்கள். எந்த டெஸ்க்கும் அதைக் கேட்டிருக்காது, எந்தச் செய்தியாளரும் அதற்காகப் பெட்ரோல் ஊற்றியிருக்க மாட்டார். உயிர் தப்பியவர்களுக்கு மகல்தெனியவில் வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல். அதற்குள் அங்கே நின்ற கெமராக்களில் அநேகம் எப்போதோ திரும்பிவிட்டன.

அதற்குப் பிறகு மழைக்காலம் வருமுன்னே தோட்டங்களுக்குப் போகப் பழகினேன். என்ன பார்க்க வேண்டும் என்பதை அங்கே வாழ்பவர்களே கற்றுத்தந்தார்கள். போன வருடம் விரல் நுழையாத சுவர் வெடிப்பில் இந்த வருடம் கை நுழைகிறதா, நேராக நின்ற மரம் சாய்ந்திருக்கிறதா, ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்கி வருகிறதா, நன்றாக மூடிய கதவு இப்போது நிலையில் இடிக்கிறதா. சரிவு பற்றிய அறிவு அதிகாரிகளிடம் மட்டும் இல்லை. இரவில் மழைச்சத்தம் கேட்டுப் பிள்ளைகளை எழுப்பி உட்கார வைத்திருக்கும் தாய்மாரிடமும் இருக்கிறது.

வெடித்த சுவரைப் படம் எடுப்பது சுலபம். அதன் அருகே நின்று ஒரு பெண் பேசுவது அப்படியல்ல. "தம்பி, எங்க மொகத்தப் போட்டீங்கன்னா காலையிலயே தொர ஆபீசுக்குக் கூப்புடுவாரு" என்று ஓர் அக்கா சொன்னார். தொர என்றால் தோட்ட முகாமையாளர். தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் கம்பனிகளுக்குப் போனது. காலங்காலமாகக் குடியிருக்கும் லயத்துக் காம்பராவுக்குக்கூடப் பெரும்பாலானவர்களிடம் உறுதிப் பத்திரம் கிடையாது. அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. கொழும்பிலிருந்து வரும் குழு படம்பிடித்துவிட்டுப் போய்விடும். நான் அவரை ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் சந்தையில் பார்ப்பேன். என் பேட்டியால் அவருக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய நாட்கூலி, வெட்டப்பட்டால் அதற்கு நான் முகம் கொடுக்க வேண்டும். எனவே முதலில் கெமராவை மூடி வைத்துவிட்டுத்தான் பேசுவேன். பேசினால் நாளை என்ன ஆகும் என்று அவரிடமே கேட்பேன். சிலர் யோசித்து மறுப்பார்கள். சிலர், "போடுங்க, பேரோடயே போடுங்க" என்பார்கள். அப்படிச் சொன்னவரின் பெயரைத் திரையில் கட்டாயம் போடச் சொல்லி டெஸ்க்குடன் சண்டை பிடிப்பேன். அமைச்சருக்குப் பெயரும் பதவியும், இவருக்கு வெறும் 'தோட்டத் தொழிலாளி' என்றால் எனக்கு மனம் ஒப்பாது.

அறிவிப்புக்குப் பின்னால் மறுபடி போய்ப் பார்ப்பதும் இதே வேலையின் பாதிதான். 2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அறிவித்தார். எல்லா அலைவரிசைகளும் அங்கே வந்து நின்றன, நல்ல விஷுவல். கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டம்பரில் வர்த்தமானியில் வந்தது 1,350 ரூபாய். கொட்டகலையில் கைதட்டல் எவ்வளவு நேரம் என்று எனக்கு ஞாபகம் இல்லை. சம்பள நாளில் சம்பளத் துண்டைப் பார்க்கப் போனது ஞாபகம் இருக்கிறது. வேலை நாள் எத்தனை, கொழுந்தின் நிறை குறைந்ததற்கு எத்தனை அரைப் பேர், சேமலாப நிதி, சங்கச் சந்தா, தேயிலைத் தூள் என்று எவ்வளவு கழிவு என எல்லாம் அந்தச் சிறு தாளில் இருக்கும். மேடையில் சொன்ன தொகைக்கும் வீட்டுக்கு வரும் தொகைக்கும் உள்ள தூரத்தை அதைவிடத் தெளிவாக எந்தப் பொருளாதார நிபுணரும் எனக்குச் சொன்னதில்லை.

இப்போது தொலைபேசியோடு இந்த வேலைக்கு வரும் தோட்டத்துப் பிள்ளைகள் பலர். படம்பிடிக்கவும் வெட்டி ஒட்டவும் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள். அவர்களை எரிந்த லயத்துக்கு அனுப்ப எல்லா நிறுவனங்களும் தயார். எரிந்த லயத்துக்காரர்கள் ஆறு மாதம் கழித்து எந்தப் பாடசாலை மண்டபத்தில், எந்தத் தகரக் கொட்டிலில் இருக்கிறார்கள் என்று பார்த்துவர அனுப்புவோர் குறைவு. ஆசிரியர் பீடங்களில் இருப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: ஒளிபரப்பாகும் ஒன்றரை நிமிடத்துக்கு மட்டும் அல்லாமல், மறுபடி போய்வரும் நாளுக்கும் கூலி கொடுங்கள். மழைக்கு முன் ஒரு தடவை, சரிந்தபின் ஒரு தடவை, வாக்குறுதியின் தவணை முடியும் நாளில் ஒரு தடவை. பஸ் காசும் ஒரு நாள் கூலியும் கிடைத்தால் அந்தப் பிள்ளைகள் போவார்கள்.