தனுஷ்கோடியும் 1964ஆம் ஆண்டும்

ஆண்டுகளை எண்ணால் குறிக்கும் வழக்கம் ஏற்படுவதற்கு முன் அரபு மக்கள் அவற்றைப் பெயரிட்டு அழைத்தனர். அப்ரஹாவின் யானைப்படை மக்கமாநகர் நோக்கி வந்த ஆண்டு 'ஆமுல் ஃபீல்', அதாவது யானை ஆண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்னை கதீஜா (ரலி) அவர்களையும் பெரிய தந்தை அபூதாலிபையும் இழந்த ஆண்டு 'ஆமுல் ஹுஸ்ன்', துயர ஆண்டு. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் மழை பொய்த்துப் பஞ்சம் வாட்டிய ஆண்டு 'ஆமுர் ரமாதா', சாம்பல் ஆண்டு. ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கை ஏற்படுத்தியவர்களும் அதே உமர் (ரலி) அவர்களே. ஆயினும் எண் வந்த பின்னரும் சாம்பல் ஆண்டின் பெயர் மக்கள் நாவினின்று அகலவில்லை.

நம் இராமநாதபுரம் கடற்கரையிலும் அவ்வாறு பெயர் பெற்ற ஆண்டு ஒன்று உண்டு. தொண்டிக்குத் தெற்கே, சுரபுன்னைக் காடு சூழ்ந்த காரங்காட்டுக்கு நம் மாணவர்களை ஒருமுறை அழைத்துச் சென்றிருந்தோம். படகு செலுத்திய பெரியவரிடம் அவருடைய வயதைக் கேட்டான் ஒரு சிறுவன். "புயல் வருசத்துல எனக்கு ஒம்பது வயசு, தம்பி. நீயே கணக்குப் போட்டுக்க" என்றார் அவர். எந்தப் புயல் என்று அவர் சொல்லவில்லை. இக்கரையில் அதனைச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. சிறுவன் நம் முகத்தைப் பார்த்தான். "1964" என்றோம். "அந்த வருசம் வேற என்ன நடந்துச்சு, ஹஜ்ரத்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. ஓர் ஆண்டு முழுவதையும் ஓர் இரவு விழுங்கிவிட, நாமும் அந்த இரவை மட்டுமே பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம் அன்றோ!

1964ஆம் ஆண்டு பிறந்தபோது தனுஷ்கோடி உயிரோட்டமுள்ள ஒரு துறைமுக ஊர். வடக்கே பாக்கு நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவே ஒடுங்கிய மணற்பரப்பு. 1914 பிப்ரவரி 24இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து அவ்வூரின் வாழ்வு இருப்புப் பாதையோடும் கப்பலோடும் பிணைந்திருந்தது. சென்னை எழும்பூரில் ஒரே பயணச்சீட்டை வாங்கிக்கொண்டு 'போட் மெயில்' ஏறியவர், தனுஷ்கோடித் துறையில் நீராவிக் கப்பலுக்கு மாறி, ஏறத்தாழ 35 கி.மீ. கடலைக் கடந்து தலைமன்னாரில் இறங்கி, மீண்டும் இரயிலேறிக் கொழும்பை அடையலாம். அதற்கேற்ப இரயில் நிலையம், சுங்க அலுவலகம், அஞ்சலகம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், மாதா கோயில் என யாவும் அங்கே அமைந்திருந்தன. மீன்பிடித் தொழில் ஒருபுறம் இருக்க, பிறருடைய பயணமே அவ்வூராரின் பிழைப்பாக இருந்தது எனலாம்.

அவ்வாண்டு மே 27ஆம் நாள் பண்டித நேரு மறைந்தார். லால் பகதூர் சாஸ்திரி பிரதமரானார். அக்டோபர் 30ஆம் நாள் அவரும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் புதுதில்லியில் ஓர் உடன்பாட்டில் கையொப்பமிட்டனர். இலங்கையின் மலையகத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்து, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட இந்திய வம்சாவளித் தமிழர்களைப் பற்றியது அவ்வுடன்பாடு. அவர்களின் தொகை 9,75,000 என்று கொள்ளப்பட்டது. அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்று வகுத்தனர். இதனை நிறைவேற்ற 15 ஆண்டுகள் தவணை. வாரிசுகளுக்குள் சொத்தைப் பிரிப்பது போல மனிதர்கள் பிரிக்கப்பட்டார்கள். பிரிக்கப்பட்டவர்களை அழைத்து எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அம்மக்களுள் பலருடைய முன்னோர் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, மருத்துவச் சோதனை முடிந்து, தனுஷ்கோடி வழியாகவே கடல் கடந்தவர்கள். ஆகவே திரும்பி வருவோருக்கும் அதுவே வாசலாயிருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஐந்தேகால் இலட்சம் மக்கள் வந்து இறங்கவேண்டிய துறை அது. உடன்பாடு கையொப்பமாகி 53ஆம் நாள் இரவு அந்த வாசல் இல்லாமற்போயிற்று.

டிசம்பர் 17ஆம் நாள் தெற்கு அந்தமான் கடலில் உருவான தாழ்வு மண்டலம் கடும்புயலாக வலுத்து, இலங்கையின் வடபகுதியைக் கடந்து, 22ஆம் நாள் நள்ளிரவில் தனுஷ்கோடியைத் தாக்கியது. ஹிஜ்ரி 1384, ஷஅபான் மாதத்தின் நடுநாள்கள் கழிந்த வேளை அது. இரண்டு வாரத்துக்குள் நோன்பு. காரங்காட்டில் ஊருக்கும் கடலுக்கும் நடுவே காடு நிற்கிறது. தனுஷ்கோடியிலோ மணலைத் தவிர வேறு காவல் இல்லை. இருபது அடிக்கும் மேல் எழுந்த கடல் ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்டு ஊரை நெருங்கிக்கொண்டிருந்த 653ஆம் எண் பயணி இரயிலை அலை வாரிக்கொண்டது. அதில் இருந்தோர் 115 பேர் என்று கணக்கிட்டார்கள். பயணச்சீட்டு இன்றி ஏறியோர் எத்தனை பேரோ, அல்லாஹ்வே அறிவான். இருகரையிலும் மாண்டோரைக் கூட்டி 1,800 என்பார்கள்.

பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126 கண்களின் இரும்புத் தூலங்கள் கடலில் வீழ்ந்தன. பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில், வீழ்ந்த தூலங்களைக் கடலிலிருந்தே மீட்டு, 46 நாள்களில் பாலத்தைச் சீராக்கினார்கள். வியக்கத்தக்க செயல்தான்! ஆனால் பாலத்தைத் தாண்டி இரயில் இராமேசுவரத்தோடு நின்றுகொண்டது. தனுஷ்கோடி மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது.

உடன்பாடோ கடலில் மூழ்கவில்லை. பின்னர் இராமேசுவரத்திலிருந்து 'இராமானுஜம்' என்னும் கப்பல் தலைமன்னாருக்கு ஓடியது. 1980களின் தொடக்கத்தில், நம் சிறுபருவத்தில், அத்துறையில் இறங்கியோரைக் கண்டிருக்கிறோம். தகரப் பெட்டிகள், கம்பளிப் போர்வைகள், பிள்ளைகளின் கையை இறுகப் பிடித்த தாய்மார். அவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்று ஏடுகள் எழுதின. பிறந்த மலையை விட்டு, கண்ணால் கண்டறியாத மண்ணில் கால் வைத்தவர்கள் எங்கே 'திரும்பினார்கள்' என்று அந்த வயதில் நமக்கு விளங்கவில்லை. வயது ஏறிய பின்னரும் அச்சொல் நம் மனத்துக்கு ஒப்பவில்லை.

ஆக, அவ்வாண்டு இக்கரையில் இரண்டு கணக்குகள் எழுதப்பட்டன. ஒன்று மேசைமீது எழுதிய 5,25,000. மற்றொன்று பயணச்சீட்டைக் கொண்டு எழுதிய 115. இரண்டிலும் எண் உண்டு, பெயர் இல்லை. நம் மார்க்கக் கல்வியில் 'அஸ்மாஉர் ரிஜால்' என்றொரு துறை உண்டு. ஒரு செய்தியை அறிவித்தவர் யார், அவருடைய தந்தை யார், எந்த ஊரார், யாரைச் சந்தித்தார், எப்போது மறைந்தார் என்று ஆயிரமாயிரம் மனிதர்களைப் பெயர் பெயராகப் பதிந்து வைத்த கல்வி அது. அவர்களுள் மன்னர்கள் மிகச் சிலரே. வணிகரும் நெசவாளரும் விடுதலை பெற்ற அடிமைகளும் அவ்வேடுகளில் சரிசமமாக இடம் பெற்றுள்ளனர். அந்தக் கல்வியை ஓதிக்கொடுக்கும் நாம், நம் கண்ணெதிரே இருந்த ஓர் ஊரைப் பெயரின்றி விட்டுவிடுவது முறையாகுமா?

2017 முதல் அரிச்சல்முனை வரை நல்ல சாலை போடப்பட்டிருக்கிறது. 2025 ஏப்ரல் 6ஆம் நாள் பாம்பனில் புதிய இரயில் பாலம் திறக்கப்பட்டது. விடுமுறை நாள்களில் வருவோர் இடிந்த மாதா கோயில் சுவரருகே நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதில் குற்றமில்லை. ஆனால் சுவர் யாருடைய பெயரையும் சொல்லாது. சொல்லக்கூடியவர்கள் அன்று ஒன்பது, பத்து வயதில் இருந்தவர்கள். அவர்கள் எல்லோரும் எழுபதைத் தொட்டுவிட்டார்கள்.

ஆதலால் இக்கரையோரக் குடும்பங்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பிள்ளைகளை அமர்த்துங்கள். புயலில் போனவர் பெயர் என்ன, என்ன தொழில் செய்தார், கப்பலில் வந்திறங்கிய அண்டை வீட்டார் எந்தத் தோட்டத்தில் பிறந்தவர்கள் என்று கேட்டு, ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதச் சொல்லுங்கள். சொன்னவர் பெயரையும் எழுதியவர் பெயரையும் கீழே குறியுங்கள். ஒரு பக்கமாயினும் போதும். ரமலான் வரும்வரை காத்திராமல், இவ்வாரமே தொடங்குங்கள்.