தூர்வாரும் காலம்

காவிரி மணலாய்க் கிடக்கும் சித்திரை, வைகாசி மாதங்களை வெறுங்காலம் என்று தஞ்சைத் தரணியின் உழவர்கள் எண்ணுவதில்லை. மேட்டூர் அணை திறக்கும் மரபு நாள் ஜூன் 12. அதற்குள் ஆறுகளையும் வாய்க்கால்களையும் தூர்வாரியாக வேண்டும். வண்டலும் ஆகாயத்தாமரையும் அடைத்த வாய்க்காலில் எத்தனை நீர் விட்டாலும் தலைமடை நிரம்பும். கடைமடை காய்ந்தே கிடக்கும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து உழவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

பள்ளிக்கூடங்களும் அதே கோடையில்தான் மூடப்படுகின்றன. அதே ஜூன் மாதத்தில்தான் திறக்கப்படுகின்றன. நம் பிள்ளைகளின் விடுமுறையும் தூர்வாரும் காலமாக அமைய வேண்டும் என்பதே நான் சொல்ல விழைவது.

கோடை வகுப்பு நமக்குப் புதிதன்று. பள்ளிவாசல்களில் விடுமுறை தோறும் தீனியாத் வகுப்புகள் நடக்கின்றன. சிறு சூராக்கள், வுளூவின் முறை, தொழுகை, அன்றாட துஆக்கள் கற்பிக்கப்படுகின்றன. நிறைவு நாளில் கிராஅத் போட்டியும் பேச்சுப் போட்டியும் நடத்திப் பரிசளிக்கிறோம். நகரத்து வசதியுள்ள பெற்றோர் இவற்றோடு கணினி, ஓவியம், கராத்தே, ஆங்கிலப் பேச்சு என்று கட்டணம் செலுத்தியும் சேர்க்கின்றனர். யாவும் நல்லவையே. ஆனால் இவை பெரும்பாலும் நீர் பாய்ச்சும் வேலைகள். அடைப்பெடுக்கும் வேலையை யார் செய்வது?

சில ஆண்டுகளுக்கு முன், தஞ்சை நகரில் ஏழாம் வகுப்பு முடித்த மாணவன் ஒருவன் என் கோடை வகுப்புக்கு வந்தான். தந்தை வளைகுடா நாட்டில் உழைப்பவர். பத்துச் சிறு சூராக்களை இனிய குரலில் மனப்பாடமாக ஓதினான். பரிசு மேடைக்கு ஏற்ற பிள்ளை என்று எவரும் சொல்வர். அவன் கையில் ஒரு தமிழ்க் கதைப் புத்தகத்தைக் கொடுத்து, “ஒரு பக்கம் படி, தம்பி” என்றேன். சற்று நேரம் பார்த்தான். “கண்ணு வலிக்குது, ஹஜ்ரத்” என்றான்.

கண்ணில் குறையில்லை. ஏழாண்டுகளாக வகுப்பில் தன் முறை வரும்போதெல்லாம் இப்படியொரு காரணம் அவனைக் காத்து வந்திருக்கிறது. எழுத்துகளை அறிவான், சொல்லாகக் கூட்டத் தெரியாது. ஆண்டுதோறும் அடுத்த வகுப்புக்குச் சென்றான். பாடம் மட்டும் அவனோடு செல்லவில்லை.

நம் ஓதும் பள்ளியின் பழைய முறையை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். ஒவ்வொரு பிள்ளையும் உஸ்தாதின் முன் தனியே அமர்ந்து, நேற்றைய பாடத்தைச் சரியாக ஒப்பித்த பின்னரே அடுத்த பாடம் பெறும். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையை அம்ம ஜுஸ்வுக்கு அனுப்பமாட்டோம். அங்கே வயது கணக்கில்லை, ஓதல்தான் கணக்கு. இந்த முறையைக் குர்ஆனுக்கு வைத்துக்கொண்டு, தமிழுக்கும் கணக்குக்கும் கைவிட்டுவிட்டோம்.

நாம் கைவிட்டதை அறிஞர் உலகம் இன்று வேறு வழியில் கண்டடைந்திருக்கிறது. 2008 ஜூன் மாதத்தில் பீகார் அரசுப் பள்ளிகளில் ‘பிரதம்’ என்னும் தொண்டு நிறுவனத்தின் துணையோடு ஒரு மாதக் கோடை முகாம்கள் நடந்தன. கற்பித்தவர்கள் அரசுப் பள்ளி ஆசிரியர்களே. 3 முதல் 5 வரை வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, அவரவர் நின்ற இடத்திலிருந்தே கற்பித்தனர். ஒரு மாதத்திலேயே அவர்களது வாசிப்பு குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்ததாக, பின்னாளில் 2019இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலியோரின் ஆய்வு கண்டது. ஆசிரியர் அதே ஆசிரியர்; பிள்ளை அதே பிள்ளை. பள்ளி நாட்களில் பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரம் ஆசிரியரைத் துரத்துகிறது. கோடையில் அந்த அவசரம் இல்லை.

நம் மாநிலத்திலும் சான்றுண்டு. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தையொட்டி, 2021 அக்டோபர் 27 அன்று ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. 1 முதல் 8 வரை பயிலும் பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் மாலை வேளையில் அவர்கள் தெருவிலேயே கற்பித்தனர். தமிழக ஊரகப் பிள்ளைகள் ஏறத்தாழ 19,000 பேரைச் சோதித்த ஆய்வொன்று, இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு ஆறு மாதத்தில் மீண்டதாகவும், அம்மீட்சியில் சுமார் 24 விழுக்காடு இத்திட்டத்தால் விளைந்ததாகவும் கூறுகிறது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளே மிகுந்த பயன் பெற்றனர். கடைமடைக்கு நீர் சென்றது என்பது இதுவன்றோ!

கற்பிக்க ஆளுக்கு எங்கே போவது என்று முத்தவல்லிகள் கேட்கலாம். ஆள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கோடையெல்லாம் கைப்பேசியோடு கிடக்கிறார்களே! பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குக் கற்பிப்பது இம்மண்ணின் வழக்கம். சென்னை எழும்பூர் அனாதை இல்லத்தை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை வகுத்தார். 1797இல் லண்டனில் அதை நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது.

நான் சொன்ன அந்த மாணவனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர்தாம் நாள்தோறும் அஸருக்குப் பின் அமர்ந்து காது கொடுத்தார். நாற்பது நாளில் அவன் புலவனாகிவிடவில்லை. ஒரு பக்கக் கதையை, விரல் வைத்து, நின்று நின்று, தானே படித்தான். கற்பித்த மாணவரோ, “படிக்கத் தெரியாதவன் எவ்வளவு பயந்து போயிருப்பான் என்று இப்போதுதான் புரிகிறது, ஹஜ்ரத்” என்றார். இருவரில் அதிகம் கற்றவர் யாரென்று சொல்வது கடினம்.

ஜமாஅத்துகளுக்கு என் வேண்டுகோள் எளியது. கோடை வகுப்பின் முதல் நாளில், ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற வேறுபாடின்றி ஒவ்வொருவரையும் தனியே அமர்த்தி, தமிழில் ஒரு பத்தி படிக்கச் சொல்லுங்கள். ஒரு கழித்தல், ஒரு வகுத்தல் கணக்குப் போடச் சொல்லுங்கள். பிறர் காதில் விழ வேண்டாம். வகுப்பைப் பாராமல், தெரிந்ததைப் பார்த்துக் குழு பிரியுங்கள். தீனியாத்தோடு நாளுக்கு ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். நிறைவு நாளில், எங்கிருந்து எவ்வளவு தூரம் வந்தான் என்பதற்கும் ஒரு பரிசு வையுங்கள்.

இது தீனுக்குப் புறம்பான வேலையன்று. பத்ரில் சிறைப்பட்டோரில் மீட்புப் பொருளற்ற எழுத்தறிந்தவர்கள், மதீனத்துச் சிறார் பத்துப் பேருக்கு எழுதக் கற்பித்தால் விடுதலை பெறலாம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் வகை செய்ததை வரலாறு கூறுகிறது. பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் அறிவு நாடி வந்த நிகழ்ச்சியையொட்டி அருளப்பட்டதே ‘அபஸ’ சூரா. குறைஷித் தலைவர்கள் அமர்ந்திருந்த அவையிலும், நாடி வந்த எளியவரின் பக்கமே திருமறை நம் முகத்தைத் திருப்புகிறது. பரிசளிப்பு மேடையில் பெரியோர் வீற்றிருக்கும் வேளையிலும், பின் வரிசையில் தலை குனிந்திருக்கும் பிள்ளையை நாம் காண வேண்டாமா?

ஜூன் வந்துவிடும், மடை திறக்கும். அதற்குள் வாய்க்காலைச் செப்பனிடும் நல்லெண்ணத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.