சரிவான மைதானம்

ஓகஸ்ட் விடுமுறைக்கு ஷெஃபீல்டில் இருக்கும் நானாவிடம் போயிருந்தேன். பெரிய கழகங்களை டீவியில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அவர் கூட்டிப்போனது சாண்டிகேட் மைதானத்துக்கு. ஹாலம் கழகத்தின் இடம். 1860 டிசம்பர் 26 அன்று அங்கே உதைபந்தாட்டப் போட்டி நடந்திருக்கிறது. உலகின் மிகப் பழைய உதைபந்தாட்ட மைதானம் என்று கின்னஸ் ஏற்றுக்கொண்டது அதைத்தான்.

அன்று எஃப்.ஏ. கிண்ணத்தின் ஆரம்பச் சுற்று. வெம்ப்ளியில் முடிகிற அதே போட்டி இப்படியான ஊர் மைதானங்களில்தான் தொடங்குகிறது. புல்தரை நல்ல சரிவு. மேட்டுப் பக்கம் அடித்த பந்து தானாகவே உருண்டு வருகிறது! யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. டிக்கட் கிழிப்பவர், தேத்தண்ணி ஊற்றுபவர் எல்லாரும் சம்பளமில்லாத ஊர்க்காரர். பக்கத்தில் நின்ற முதியவர் கொப்பியில் மைதானத்தின் பெயரை எழுதிக்கொண்டார். புதுப்புது மைதானம் தேடிப் போவதே அவருடைய பொழுதுபோக்காம். 1867இல் ஹாலம் வென்ற யூடன் கிண்ணம் நெடுங்காலம் காணாமற்போய் 1997இல் கிடைத்த கதையை அவர்தான் சொன்னார்.

எனக்கோ எங்கள் ஊர் மைதானம்தான் கண்ணுக்குள் நின்றது. ரோட்டோரப் பக்கத்தில் கடைத்தொகுதி கட்டும் பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிறது. மாலையில் அறுபது, எழுபது பிள்ளைகள் விளையாடுகிற இடம். கட்டினால் கோல் கம்பத்தை எங்கே நடுவது?

எங்கள் மைதானத்தில் முதல் மெட்ச் எப்போது நடந்தது? மூத்தவர்கள் யாருக்காவது ஞாபகமிருந்தால் எழுதுங்கள். பழைய படமோ காணிப் பத்திரத்தின் பிரதியோ இருந்தால், கூட்டத்துக்கு முன் என்னிடம் தாருங்கள்.