கிழங்கு தோண்டிய கைகள்



"ஃபோட்டோ மாதிரியே இருக்கு!" பிள்ளைகளின் சித்திரத்துக்கு நாம் கொடுக்கும் ஆகப்பெரிய பாராட்டு இதுதான். இந்த அளவுகோலால் அளந்தால், வின்சென்ட் வான் கோவின் 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' தேறாது. 1885இல் நெதர்லாந்தின் நியூனன் கிராமத்தில் தீட்டிய எண்ணெய் வர்ண ஓவியம் அது. இதே காட்சியின் அச்சுப் படத்தைப் பார்த்த அவருடைய ஓவிய நண்பர் வான் ரப்பார்ட்கூட, உருவங்கள் பிழை என்று கடுமையாகக் கடிதம் எழுதினார்.

கைபேசியில் தேடி எடுத்து, கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். தொங்கு விளக்கின் கீழே ஒரு மேசை, ஐந்து பேர், ஒரு தட்டில் கிழங்கு. ஒரு பெண் கோப்பி ஊற்றுகிறாள். ஒரு சிறுமி நமக்கு முதுகு காட்டி நிற்கிறாள். கன்ன எலும்புகள் துருத்துகின்றன. விரல்கள் முடிச்சு முடிச்சாக இருக்கின்றன. ஒருவரையும் அழகாக்கிக் காட்ட அவர் முயலவில்லை.

இனி வர்ணத்தைப் பாருங்கள். எண்ணெய் வர்ணம் நீர்வர்ணம் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மெல்ல மெல்ல இறுகும். தடிப்பாகப் பூசினால் தூரிகை போன தடம் அப்படியே நிற்கும். வான் கோ அந்தத் தடங்களை அழித்து மழமழப்பாக்கவில்லை. முகமும் கையும் கொத்திப்போட்ட மண்ணைப் போலச் சொரசொரப்பாகவே கிடக்கின்றன. மண் ஒட்டிய, தோலுரிக்காத கிழங்கின் நிறம் அது என்று தம்பி தியோவுக்கு அவரே எழுதினார். தட்டில் நீளும் இந்தக் கைகள்தான் மண்ணையும் தோண்டின, உழைத்துத் தேடிய உணவு இது என்பதைக் காட்டவே வரைந்ததாகவும் எழுதினார்.

உருவம் வரைவது பற்றி நம்மிடையே பல கருத்துகள் உண்டு. அதை உலமாக்களிடம் விடுவோம். நாம் சொல்ல வந்தது பார்ப்பதைப் பற்றி.

தன் கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவு இல்லை என்ற நபிமொழியை ஜும்ஆவில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் பெற்றோர் கூட்டத்தில் கையொப்பமிட வரும் மேசன்மாரும் மீன் வெட்டுபவர்களும் கையை மறைத்துக்கொள்வதைப் பார்க்கிறோம். சீமெந்து தின்ற விரலுக்கு ஏன் இந்தக் கூச்சம்? மழமழப்பானதே அழகு என்று பழகிய நம் கண்கள்தான் அந்தக் கூச்சத்தைக் கொடுத்தன.

அடுத்த முறை பிள்ளை ஒரு சித்திரத்தோடு வந்தால், "எங்கே தூரிகையை அழுத்தினாய்? ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். நாமும் வாசிக்கக் காத்திருக்கிறோம்.